குண்டு இறங்கும் நேரம்

நம் லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. சாயம் அடித்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன மாதம் நம் கைப்பேசிக் குழுவில் யாரோ லேப் மாமாவின் பழைய படம் ஒன்றைப் போட்டீர்கள். உடனே வரிசையாக ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு நல்ல மனுஷர், நமக்கெல்லாம் விஞ்ஞானம் காட்டியவர், அவரைப் பார்த்துத்தான் நான் இன்ஜினியர் ஆனேன். கும்பிடும் கைகள் வேறு, ஆளுக்கு நாலைந்து. நான் ஒன்றும் எழுதவில்லை. "என்ன, குழாயடி வீட்டுக்காரி சத்தத்தையே காணோம்?" என்று ஒருவன் கேட்டிருந்தான். கேட்டவனுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எனக்கு அவர்மேல் சந்தேகம் உண்டு. இன்று நேற்று வந்த சந்தேகம் இல்லை. காய்கறிக்காரர் தராசிலிருந்து மருமகன் சொல்லும் காரணம்வரை எதையும் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். அந்தப் புத்தி எனக்கு எந்தக் குளிர்காலத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஓசூரில் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. ஓனரம்மா தன் ராகிக் கொல்லையில் சிமெண்ட் ஷீட் போட்டு வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மிச்சமிருந்த நிலத்தில் அவருடைய பிள்ளைகள் தக்காளி போட்டு ராயக்கோட்டை மண்டிக்கு ஏற்றிவிடுவார்கள். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த நாங்கள் குழாயை ஒட்டிய வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில், கல்லாவி என்ற ஊரிலிருந்து வந்ததால் கல்லாவி அக்கா. ஓனரம்மா வீட்டில் தெலுங்கு, பால் ஊற்றுகிறவர் கன்னடம். ஒரு சண்டை ஒரு பாஷையில் தொடங்கி இன்னொன்றில் முடியும். திட்டு மட்டும் எந்தப் பாஷையில் வந்தாலும் எல்லாருக்கும் புரிந்துவிடும். மூன்று பாஷைக்கும் பொதுவாக இருந்த சொற்களில் ஒன்று குண்டு. சைக்கிள் பேரிங்கில் இருக்கும் இரும்புக் குண்டும் குண்டு, தாலிக்கயிற்றில் கோத்துக்கொள்ளும் தங்கமணியும் குண்டு. இந்த ஒற்றைச் சொல்தான் எங்கள் வீட்டைக் குலைத்துப் போட்டது.

லேப் மாமா கடைசி வீட்டில் தனியாக இருந்தார். பிரேக் எண்ணெய் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் அவருக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே மூலப்பொருளாக விளக்கெண்ணெய் பீப்பாய் பீப்பாயாக வரும். அந்த எண்ணெயில் யாரோ கை வைக்கிறார்கள், மலிவான எதையோ கலக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். மேலே இருப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால், விளிம்பு உடைந்ததென்று கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு நீளமான கண்ணாடிக் குழாயைக் கேட்டு வாங்கி வந்து வீட்டிலேயே சோதனை செய்ய ஆரம்பித்தார். ஒரு பக்கம் மூடிய குழாய். அதைப் பொதுமுற்றத்தில் துவைக்கிற கல்லின் மேல் மரச்சட்டத்தில் நிறுத்தி வாய்வரை எண்ணெய் ஊற்றுவார். குழாயைச் சுற்றி மேலே ஒரு கறுப்பு நூல், கீழே ஒரு கறுப்பு நூல். ஒரு சின்ன இரும்புக் குண்டை நடுவில் மெதுவாக விடுவார்.

அந்தக் குண்டு இறங்குவதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிணற்றில் கல் விழுவதுபோல விழாது. யோசித்து யோசித்து இறங்கும். மேல் நூலைத் தாண்டியதும் நாம் எண்ண ஆரம்பிப்போம், கீழ் நூலைத் தொட்டதும் நிறுத்துவோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நம் எண்ணிக்கை அவருக்குத் தேவையே இல்லை, ஆனாலும் எண்ணவிட்டார். விளக்கெண்ணெயின் அந்தக் கனத்த வாடை, விரலில் பட்டால் சோப்பு போட்டும் போகாத பிசுபிசுப்பு, குழாய்க்குள் முத்துமுத்தாக மேலேறும் காற்றுக் குமிழ்கள். பள்ளிக்கூட மணி அடிக்கிறவரை நாம் அங்கேயே கிடப்போம்.

குண்டை விடுவதற்கு முன்னால் அவர் தவறாமல் ஒரு காரியம் செய்வார். நூலில் கட்டி எண்ணெய்க்குள் தொங்கவிட்டிருந்த ஒரு கண்ணாடிக் குச்சியை வெளியே இழுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். டாக்டர் வைத்திருப்பது போல, ஆனால் அதைவிட நீளம். "எண்ணெய்க்குக் காய்ச்சலா மாமா?" என்று நம்மில் ஒருத்தி கேட்டாள். "ஆமாடா, அதுக்கும் காய்ச்சல் வரும், குளிரும் அடிக்கும்" என்றார். நாம் சிரித்தோம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

முதலில் பெண்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. கல்யாணம் ஆகாத ஆம்பிளை முற்றத்தில் எண்ணெயை நட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? மை போட்டுப் பார்க்கிறவன் என்றார்கள். கல்லாவி அக்காதான் துணிந்து ஒருநாள் கடையில் வாங்கிய விளக்கெண்ணெயைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போனாள்.

"இதையும் பாத்து சொல்லுங்க சார். கடக்காரன் மேல எனக்கு ரொம்ப நாளா ரோசனையாவே இருக்குது."

மாமா பார்த்தார். அந்த எண்ணெயில் குண்டு சரசரவென்று இறங்கிவிட்டது. "கலப்படம்மா. சுத்தமான எண்ணெய்னா நிதானமா இறங்கும். கள்ளம் இருந்தா வேகமா இறங்கிடும். எண்ணெய் பொய் சொல்லாது" என்றார். அக்கா கிண்ணத்தோடு கடைக்குப் போய் நின்றாள். கடைக்காரர் முதலில் குதித்தார், பிறகு குரலை இறக்கினார், கடைசியில் வேறு டின்னிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க லைன் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு மாமா வாசலில் நின்றார்கள். மை போடுகிறவர் சார் ஆகிவிட்டார். கள்ளம் இருந்தால் குண்டு காட்டிக்கொடுத்துவிடும் என்பது பால்காரர்வரை தெரிந்துபோயிற்று.

தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ஓனரம்மா தாலிச் சரடு மாற்றினார். லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். பழைய கயிற்றிலிருந்து கழற்றிய தாலியும் குண்டும் பவளமும் மஞ்சள் தடவிய தாம்பாளத்தில் இருந்தன. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, தாம்பாளம் கை மாறி, ஆளுக்கொன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுக்க, மருமகள் கோத்தாள். கோத்து முடிக்கப் போகும்போது பார்த்தால் இரண்டு தங்கக் குண்டில் ஒன்று இல்லை. பாயை உதறினார்கள், சேலைகளை உதறினார்கள், மாட்டுக் கொட்டகைவரை பெருக்கினார்கள். கிடைக்கவில்லை. சரடு மாற்றுகிற நேரத்தில் குண்டு போவது நல்லதுக்கில்லை என்று யாரோ சொல்ல, ஓனரம்மா முகம் வெளிறிப்போனது. அவர் வீட்டுக்காரர் ஏற்கெனவே நெஞ்சுவலி என்று பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அதனால் ஓனரம்மாவுக்கு அது தங்கத்தின் பிரச்சினை மட்டுமில்லை. இப்போது எனக்கும் அந்த வயது வந்த பிறகு அவர் பயம் புரிகிறது. அன்று புரியவில்லை.

மறுநாளே ஓனரம்மா லேப் மாமாவிடம் போனார். "நா குண்டு போயிந்தி சாரு" என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "உங்க குண்டு எண்ணெயில இருக்கற கள்ளத்தைச் சொல்லுதில்ல? மனுஷங்க கள்ளத்தைச் சொல்லாதா? குண்டு போனதைக் குண்டுதான் சொல்லணும் சாரு."

"ஐயோ, அது எண்ணெய்க்குத்தாம்மா. மனுஷங்களுக்கு இல்லை" என்று மாமா சிரித்துத் தள்ளிவிட்டார். அதோடு நின்றிருந்தால் நானும் இன்று உங்களோடு சேர்ந்து கும்பிட்டிருப்பேன். நிற்கவில்லை. சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "சும்மா ஒரு பயங்காட்டல்தான் சார். எடுத்தவங்களுக்குக் கை நடுங்கும். அதுக்கு முன்னாடியே கொண்டாந்து போட்டுருவாங்க. நான் யார் பேரையும் சொல்லப் போறதில்லை."

"நல்ல ஐடியாதான் சார்" என்றார் அப்பா. அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் முற்றத்தில் கூடினோம். ஓசூர்க் குளிர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷீட்டிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. நாம் எல்லாரும் குரங்குக் குல்லாய் போட்டு வாயால் புகை விட்டுக்கொண்டிருந்தோம். ஆண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு அவரவர் வாசலில் நின்றார்கள். எங்கள் அப்பாவும் நின்றார். துவைக்கிற கல் மதிலின் நிழலில் இருந்தது. குழாயில் விளக்கெண்ணெய் நிறைந்திருந்தது. ஓனரம்மா முறையைச் சொன்னார்: ஒவ்வொருத்தியும் ஒரு குண்டை வலது கையில் மூடிக்கொண்டு, "நான் எடுக்கலை" என்று சொல்லிவிட்டு அதைக் குழாயில் விட வேண்டும். சொல்லில் கலப்படம் இருந்தால் குண்டு வேகமாக இறங்கிவிடும்.

அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், எங்கள் வீடு முதலில் இருந்ததால். அப்போது பார்த்து எங்கள் வாசலை ஒட்டிய பொதுக்குழாயில் தண்ணீர் வந்தது. "நீங்க போங்க, நான் கொடமெல்லாம் நிரப்பிட்டு வந்துர்றேன்" என்று அம்மா மற்றவர்களை முன்னால் விட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். பந்தியிலும் கடைசி, பஸ்ஸிலும் கடைசி.

ஓனரம்மாவின் மருமகள் முதலில் விட்டாள். குண்டு இறங்க மனமில்லாததுபோல நின்று நின்று போயிற்று. நாம் எண்ணி எண்ணி மூச்சு வாங்கினோம். அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அடுத்தவள், அதற்கடுத்தவள். நடுவில் ஓனரம்மா வீட்டிலிருந்து காபி வந்தது. கல்லாவி அக்கா குண்டைக் கையில் வாங்கியதுமே அழ ஆரம்பித்துவிட்டாள். "எல்லாரும் உட்டுட்டாங்க, நீ மட்டும் எதுக்குடி அழுவற? உடு" என்று அவள் வீட்டுக்காரர் அதட்ட, அவள் இன்னும் அழ, அது முடியவே வெகுநேரம் ஆயிற்று. இதற்குள் வெயில் மதிலைத் தாண்டி முற்றத்தில் இறங்கிவிட்டது. குல்லாயைக் கழற்றிவிட்டோம். எண்ணிக்கை ஒவ்வொருத்திக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுதான் வந்திருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லவில்லை.

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குழாய் முழுக்க வெயில் நிறைந்து எண்ணெய் தங்கமாக மின்னிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். அம்மா குண்டை மூடிப் பிடித்து, "நான் எடுக்கலை" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, யாரோ காபி குடிக்கிறாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். விட்டாள். நாம் எண்ண ஆரம்பித்தோம். மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே குண்டு கீழ் நூலைத் தொட்டுவிட்டது. நம்மில் ஒருவன் பழக்கதோஷத்தில் மேலும் ஒன்று எண்ணிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

லேப் மாமா கடிகாரத்தைப் பார்த்தார். அதிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா, எல்லாரும் போய் வேலையைப் பாருங்க" என்று குழாய் வாயில் காகிதத்தை மூடினார். சொன்னபடி அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஓனரம்மா அம்மாவை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவை யாரும் திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டிலிருந்த கல்லாவி அக்காவின் பித்தளைச் சொம்பை அவள் பிள்ளை வந்து கேட்டு வாங்கிப் போனான். நான் ஊசி நூல் கேட்டுப் போனால், உள்ளே கூப்பிடாமல் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்கள். நாம் கோலி விளையாடும்போது உங்களில் ஒருத்தர், "உங்கம்மா குண்டுதானே வேகமா போச்சு" என்றீர்கள். யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எடுத்திருந்தா சொல்லிடு. நான் யாருக்கும் தெரியாம அங்க வச்சிட்டு வந்துர்றேன். திட்டமாட்டேன்."

அம்மா கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். எழுந்து போய் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். தலையணை உறையை உருவிப் போட்டாள். அரிசி டின்னை இழுத்து அவர் முன்னால் வைத்தாள். "பாருங்க. நல்லாப் பாருங்க" என்றாள். ஒரு பேச்சுக்குத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அப்பா நிஜமாகவே பார்த்தார். சேலை மடிப்புகளைப் பிரித்தார். அரிசிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். என் வாழ்க்கையில் நான் பார்த்தவற்றில் எதை அழிக்கலாம் என்று யாராவது கேட்டால் அந்தக் கையைத்தான் சொல்வேன். அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அடுத்த நாள் அம்மா தன் தாலிக்கயிற்றில் இருந்த இரண்டு குண்டுகளையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். "இதைப் பாத்தா அதுதான்னு சொல்லுவாங்க" என்றாள். வெறும் கயிறும் தாலியுமாகவே இருந்தாள். பங்குனிக்குள் நாங்கள் ஊரின் அந்தக் கோடிக்கு, பாகலூர்ச் சாலைப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டோம். அப்பாவுக்குக் கம்பெனி பக்கம் என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கும். அது பொய். இன்னும் தூரம்.

அந்தக் குண்டு கடைசிவரை கிடைக்கவில்லை. நானும் மனதுக்குள் ஒவ்வொருத்தராக நிறுத்திப் பார்த்துவிட்டேன். கோத்த மருமகள், அடிக்கடி பெங்களூருக்கு சினிமா பார்க்கப் போன ஓனரம்மாவின் சின்ன மகன், தாம்பாளத்தை நக்க வந்த கன்றுக்குட்டி. எவர் மேலும் உறுதியாகக் கையை வைக்க முடியவில்லை.

பதினோராம் வகுப்பில் நான் அறிவியல் எடுத்தேன். இயற்பியல் செய்முறை வகுப்பில் ஒருநாள் மேஜையில் நீளமான கண்ணாடி ஜாடி நின்றது. உள்ளே விளக்கெண்ணெய். பக்கத்தில் ஒரு தட்டில் இரும்புக் குண்டுகள். அந்த வாடை மூக்கில் ஏறியது. மிஸ் சொன்னார்: "குண்டைப் போடறதுக்கு முன்னாடி டெம்பரேச்சரைக் குறிச்சுக்கோங்க. எண்ணெய் சூடானா இளகிடும், குண்டு வேகமா இறங்கிடும். காலையில செஞ்சதும் மத்தியானம் செஞ்சதும் ஒண்ணா இருக்காது." மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பனியில் இறங்கிய மருமகளின் குண்டும் வெயிலில் இறங்கிய அம்மாவின் குண்டும் எனக்குத் தெரிந்தன.

அடுத்த நிமிஷமே வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கண்ணாடிக் குச்சி. லேப் மாமா அதைப் பார்க்காமல் ஒரு குண்டைக்கூட விட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அது குழாயில் இல்லை. கல்லின் மேலும் இல்லை. ஏன் இல்லை? குண்டு அதில் இடிக்கக்கூடாது என்று எடுத்திருக்கலாம். இது நிஜப் பரிசோதனை இல்லையே, எதற்கு என்று விட்டிருக்கலாம். இல்லை, யாராவது அதைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்டுவிடுவார்கள் என்று எடுத்தாரா? எப்படியிருந்தாலும் அம்மாவின் குண்டு கீழ் நூலைத் தொட்டபோது அவருக்குக் காரணம் தெரியும். கம்பெனி எண்ணெயில் கள்ளம் இருக்கிறது என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்றவர், ஒரு பெண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், தானே செய்து காட்டியது முழுக்கப் புரட்டு என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் கும்பிடுகிற விஞ்ஞானம் இதுதான்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரை ஓடித்தான் வந்தேன். அப்பா ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ எடுக்கலைன்னு என்னால நிரூபிக்க முடியும்" என்றேன்.

"நீ வேற நிரூபிக்கணுமாக்கும்?" என்றாள்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். வெயில், எண்ணெய், கண்ணாடிக் குச்சி, லேப் மாமா, அவர் செய்த துரோகம். அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும், "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"இந்த ஊர்க் குளிர்ல தேங்காண்ணெ கல்லாட்டம் உறைஞ்சு கெடக்கும். காலையில எல்லாரும் பாட்டிலைக் கொண்டாந்து அதே மதில் மேல வெயில்ல வச்சிட்டுத்தான் தலை சீவுவோம். வெயில் பட்டா எண்ணெய் இளகும்னு அந்த லைன்ல எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? இதுக்குப் பரிசோதனை வேற பண்ணணுமா?"

உங்கள் அம்மாக்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. காபி டம்ளரோடு, கையைக் கட்டிக்கொண்டு, தங்கள் குண்டு மெதுவாக இறங்கிவிட்ட நிம்மதியோடு.

"அப்ப நீ ஏம்மா சொல்லலை?" என்றேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"நான் சொன்னா, மாட்டிக்கிட்டதும் சாக்குச் சொல்றான்னு சொல்லுவாங்க" என்றாள் அம்மா. நறுக்கிய பீன்ஸை முறத்தில் ஒதுக்கினாள். "வேற யாராச்சும் ஒருத்தர் சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். உங்கப்பாவும் அங்கதான நின்னாரு."